கடைசி மேசைக்கும் புள்ளி தெரியணும்: வகுப்பறைக்குத் திறன் தொலைக்காட்சி வாங்குவதற்கு முன்



ஆண்டு இறுதியில் கடைகளில் மலிவு விற்பனை தொடங்கியதும் நம் ஆசிரியர் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லா இருக்கும்?" உடனே பதில்கள் குவியும். ஒருவர் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். இன்னொருவர் "4கே இருக்கான்னு பாருங்க" என்பார். மூன்றாமவர் தம் வீட்டு வரவேற்பறைப் படத்தையே அனுப்பிவிடுவார். "உங்க வகுப்புல கடைசி மேசை எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்டதில்லை.

அந்த ஆண்டு எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவுச் சந்தை நடத்தியது. பெற்றோர் வடையும் நாசி லெமாக்கும் விற்றுச் சேர்த்த பணத்தில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்கினோம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. கடையில் படம் பளிச்சென்று இருந்தது, விலையும் கைக்கு எட்டியது, வாங்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ணகர, னகரச் சொற்களைத் திரையில் காட்டி, பார்த்து எழுதச் சொன்னேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி மணம் என்பதை மனம் என்றும், பணி என்பதைப் பனி என்றும் எழுதியிருந்தாள். "பாத்து எழுதறதுல கூடவா பிழை?" என்று கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளி முடிந்த பிறகு ஏதோ நினைத்து அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். எனக்கே இரண்டு சுழியும் மூன்று சுழியும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மெய்யெழுத்தின் புள்ளி கண்ணில் படவே இல்லை.

வாங்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் பள்ளிக்கும் இப்படியொரு நன்கொடை வரும்போது உதவும்.

1. முதலில் அளவுநாடா, பிறகுதான் கடை

தொலைக்காட்சியின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை எடுக்கப்படும் அளவு. எழுத்து தெரிவதற்கு நமக்கு வேண்டியது திரையின் உயரம். ஒளி ஒலிக் கருவி பொருத்துபவர்கள் பின்பற்றும் எளிய கணக்கு ஒன்று உண்டு: எழுத்து வாசிக்க வேண்டிய இடத்தில், கடைசி ஆள் திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதன்படி பார்த்தால்:

43 அங்குலம்: உயரம் சுமார் 53 செ.மீ., கடைசி மேசை 3.2 மீட்டருக்குள்
55 அங்குலம்: உயரம் சுமார் 68 செ.மீ., 4.1 மீட்டருக்குள்
65 அங்குலம்: உயரம் சுமார் 81 செ.மீ., 4.9 மீட்டருக்குள்
75 அங்குலம்: உயரம் சுமார் 93 செ.மீ., 5.6 மீட்டருக்குள்
86 அங்குலம்: உயரம் சுமார் 107 செ.மீ., 6.4 மீட்டருக்குள்

எங்கள் வகுப்பில் கடைசி மேசை 6 மீட்டரில் இருந்தது. 55 அங்குலம் எப்படிப் போதும்?

"86 அங்குலத்துக்கு எங்க போறது சார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வழி இருக்கிறது. இந்தக் கணக்கு சாதாரண அளவு எழுத்துக்கு. எழுத்தைப் பெரிதாக்கினால் சிறிய திரையும் ஓரளவு ஈடுகொடுக்கும். பவர்பாயிண்டில் தமிழ் எழுத்து 40 அளவுக்குக் குறையக் கூடாது, ஒரு பக்கத்துக்கு ஆறு வரிக்கு மேல் வேண்டாம், மெல்லிய எழுத்துரு வேண்டாம். வாசிப்பு நேரத்தில் பின்வரிசைப் பிள்ளைகளை முன்னால் பாயில் உட்கார வைப்பதும் நல்ல வழிதான், காசும் செலவில்லை.

கடைக்குப் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். மனம், மணம், அரம், அறம், பல்லி, பள்ளி என்று ஆறு சொற்களை உங்கள் வழக்கமான எழுத்தளவில் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, படமாகச் சேமித்து, யூ.எஸ்.பி. விரலியில் போட்டுக்கொண்டு போங்கள். கடையின் திரையில் அதைக் காட்டச் சொல்லி, உங்கள் வகுப்பின் நீளத்துக்குப் பின்னால் நடந்து போய் வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

2. 4கே, கியூஎல்இடி, ஓஎல்இடி: பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம்

முழு எச்.டி. திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் இருக்கும். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது நான்கு மடங்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு 65 அங்குல முழு எச்.டி. திரையின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது. அதை இன்னும் நான்காகப் பிரித்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆதாயம்? இன்று பெரிய திரைகள் பெரும்பாலும் 4கே ஆகவே வருகின்றன, வந்தால் வாங்கிக்கொள்ளலாம். 4கே என்பதற்காக மட்டும் அளவைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்இடி தொலைக்காட்சி என்பது எல்சிடி திரைக்குப் பின்னால் எல்இடி விளக்கு வைத்தது. கியூஎல்இடியும் அதே குடும்பம்தான், நிறத்தைத் தூக்கிக் காட்ட நடுவில் ஒரு படலம் கூடுதல். ஓஎல்இடியில் பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். இருட்டறையில் படம் பார்க்க அதற்கு ஈடில்லை. வகுப்புக்கு அது வேண்டாம் என்பேன். ஒரே படத்தை, ஒரே தலைப்புப் பட்டையை நாள்தோறும் மணிக்கணக்கில் காட்டினால் அதன் நிழல் திரையில் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். விலையும் அதிகம்.

நம் வகுப்புகளுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று வெளிச்சம்: சன்னல் நிறைந்த அறையில் மங்கலான திரை பகல் பத்து மணிக்குக் கண்ணாடியாகிவிடும், பிள்ளைகள் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது பக்கவாட்டுப் பார்வை: சில திரைகள் நேரே நின்றால் அழகாகவும், ஓரத்தில் நின்றால் வெளிறியும் தெரியும். கடையில் திரையின் ஓரமாக நகர்ந்து நின்று பாருங்கள். சன்னலோர மேசைப் பிள்ளை அங்கிருந்துதான் பார்க்கப் போகிறது.

3. 'திறன்' என்று எதைச் சொல்கிறார்கள்?

திறன் தொலைக்காட்சி என்பது ஒரு திரையும் அதற்குள் ஒரு சிறு கணினியும். அந்தக் கணினி இணையத்தில் இணைந்து யூடியூப் போன்ற செயலிகளை ஓட்டும். சாம்சுங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், சோனி, டிசிஎல் போன்ற பலவற்றில் கூகல் டிவி என்று இயங்குதளம் மாறும். நமக்கு வேண்டிய செயலி அதில் கிடைக்கிறதா என்று ரிமோட்டை வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள். தேடும்போதே அது திணறுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். திரை எட்டுப் பத்து ஆண்டு உழைக்கலாம், உள்ளே இருக்கும் கணினி அவ்வளவு தாங்காது. சில ஆண்டுகளில் மேம்பாடுகள் நின்று, செயலிகள் ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கும். அப்போது தொலைக்காட்சியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறு கருவி ஒன்றைச் சில நூறு ரிங்கிட்டுக்குள் வாங்கிப் பொருத்தினால் மீண்டும் திறன் தொலைக்காட்சிதான். ஆகவே காசு குறைவாக இருந்தால் திரைக்கும் இணைப்புத் துளைகளுக்கும் முன்னுரிமை கொடுங்கள். செயலி பிறகு வரும்.

பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளை மட்டும் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள். நம் நாட்டில் இத்தகைய கருவிகளுக்குப் பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்க வேண்டும், பார்த்து வாங்குங்கள். உங்கள் சொந்தக் கணக்கிலும் உள்நுழையாதீர்கள். மாணவர் முன்னிலையில் யூடியூப்பைத் திறந்ததும் நேற்றிரவு நீங்கள் பார்த்த சமையலும் சினிமாவும் வரிசைகட்டி நிற்கும். வகுப்புக்கென்று தனிக்கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

4. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

வகுப்பறைத் தொலைக்காட்சியின் பயன் பெரும்பாலும் அதன் முதுகில்தான் இருக்கிறது. கடைக்காரர் முன்பக்கத்தைக் காட்டுவார், நீங்கள் பின்பக்கத்தைக் கேளுங்கள்.

எச்.டி.எம்.ஐ.: படமும் ஒலியும் ஒரே கம்பியில் போகும். குறைந்தது மூன்று துளை இருக்கட்டும்: மடிக்கணினிக்கு ஒன்று, செருகு கருவிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று. ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் துளை வழியாகத் தொலைக்காட்சியின் ஒலி வெளி ஒலிபெருக்கிக்குத் திரும்பிப் போகும், அதை அதற்கென்றே விட்டுவைக்கலாம். சுவரில் மாட்டிய பிறகு கை எட்டும்படி பக்கவாட்டில் ஒரு துளையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நாற்காலி போட்டு ஏற வேண்டிவரும்.

கேபிள் நீளத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆசிரியர் மேசையிலிருந்து சுவர் வழியாக அளந்தால் 7, 8 மீட்டர் சாதாரணமாக வரும். இவ்வளவு நீளத்தில் மலிவான கேபிள் போட்டால் படம் விட்டுவிட்டு வரும். நீளக் கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய மடிக்கணினி: சில ஆசிரியர்களிடம் வி.ஜி.ஏ. துளை மட்டும் உள்ள கணினி இன்னும் இருக்கிறது. புதிய தொலைக்காட்சிகளில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்காது, மாற்றி ஒன்று வேண்டும். இங்கேதான் நான் இரண்டாவது முறையாக ஏமாந்தேன். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது வேறு, வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு. பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல் இருக்கும், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. "பழைய கணினியிலிருந்து புது டிவிக்குப் போகணும்" என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். வி.ஜி.ஏ. ஒலியைக் கொண்டுபோகாது, அதனால் ஒலிக்குத் தனிக் கம்பியும் வேண்டும்.

புதிய மடிக்கணினி: இதில் சிறிய யூ.எஸ்.பி.-சி துளை மட்டும் இருக்கலாம். துளை ஒரே வடிவமாக இருந்தாலும் எல்லா யூ.எஸ்.பி.-சி துளையும் படத்தை அனுப்பாது. சிலவற்றில் மின்னேற்றமும் கோப்பு மாற்றமும் மட்டும்தான். அடாப்டர் வாங்கும் முன் கணினியின் விவரக் குறிப்பைப் பாருங்கள். கைப்பேசிகளுக்கும் இதே கதைதான்.

அலைவாங்கித் துளை: மலேசியாவில் 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு பழைய ஒளிபரப்பு முழுவதும் நின்று இலக்கவியல் ஒளிபரப்புக்கு மாறியது. டி.வி.பி.-டி2 வாங்கி உள்ளேயே இருக்கும் தொலைக்காட்சிக்கு யூ.எச்.எஃப். அலைவாங்கி ஒன்று போதும். ஆர்.டி.எம். அலைவரிசைகள் இணையமும் சந்தாவும் இல்லாமலே வரும். இணையம் எட்டாத தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இது பெரிய வசதி.

இணைத்த பிறகு வரும் மூன்று தொல்லைகளுக்கு மருந்து:

படமே வரவில்லையா? ரிமோட்டில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கணினியில் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்திப் படத்தை இரு திரைக்கும் அனுப்புங்கள்.

படம் வருகிறது, ஒலி வரவில்லையா? கணினியின் ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி, வெளியீடாகத் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுங்கள்.

ஓரத்து எழுத்துகள் வெட்டுப்படுகின்றனவா? தொலைக்காட்சியின் பட அமைப்பில் திரை அளவைத் திரைக்குப் பொருந்தும்படி மாற்றுங்கள். அந்த எச்.டி.எம்.ஐ. துளைக்கு 'பிசி' என்று பெயர் வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். பல தொலைக்காட்சிகளில் எழுத்து உடனே கூர்மையாகும். எங்கள் 55 அங்குலத்தில் இதைச் செய்த அன்றுதான் நடு வரிசைக்காவது புள்ளி தெரிந்தது.

5. கம்பி இல்லாமல் அனுப்புவது

இதில் இரண்டு முறை உண்டு, பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். முதல் முறையில் கைப்பேசி "இந்தக் காணொலியை நீயே எடுத்துக்கோ" என்று தொலைக்காட்சிக்குக் கட்டளை மட்டும் கொடுக்கும். தொலைக்காட்சி நேரடியாக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். யூடியூப்பில் உள்ள 'காஸ்ட்' பொத்தான் இப்படித்தான். இரண்டாவது முறை, உங்கள் திரையை அப்படியே கண்ணாடி போல் பிரதிபலிப்பது. விண்டோஸ் கணினிகளில் மிராகாஸ்ட், ஆப்பிள் கருவிகளில் ஏர்பிளே. கண்ணாடிக்கு ஒளிவுமறைவு கிடையாது. பாடத்தின் நடுவே வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் 65 அங்குலத்தில் தெரியும். அறிவிப்புகளை முதலில் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் வேலை செய்தது பள்ளியில் செய்யவில்லையே என்று பலர் கேட்கிறார்கள். காரணம் பெரும்பாலும் பள்ளியின் வலையமைப்பு. சில இடங்களில் பாதுகாப்புக்காக ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி வைத்திருப்பார்கள். சில இடங்களில் உள்நுழைவுப் பக்கம் ஒன்று வரும், தொலைக்காட்சியால் அதை நிரப்ப முடியாது. கணினிப் பொறுப்பாசிரியரிடம் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்து சமாளிக்கலாம், ஆனால் எச்.டி. காணொலி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 2 கிகாபைட் கரைந்துவிடலாம். சுவருக்கு லேன் கம்பி வந்திருந்தால் அதுவே உத்தமம்.

6. இணையமே இல்லையென்றால் யூ.எஸ்.பி.

விரலியைச் செருகினால் எம்பி4 காணொலியும் ஜேபெக் படமும் ஓடும். பவர்பாயிண்ட் கோப்பு பெரும்பாலும் ஓடாது. அதனால் உங்கள் பக்கங்களைப் படமாகவோ காணொலியாகவோ ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், பவர்பாயிண்டிலேயே அந்த வசதி இருக்கிறது. இதில் தமிழாசிரியருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. படமாகிவிட்டால் எழுத்துரு சிக்கல் வராது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்காது. விரலி எஃப்.ஏ.டி.32 வடிவில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. காதுக்கும் கொஞ்சம் கவனம்

மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ சுவர்நோக்கியோ இருக்கும். நான்கு மின்விசிறி சுற்றும் அறையில் அந்த ஒலி மூன்றாவது வரிசையைத் தாண்டாது. லகர, ழகர, ளகர வேறுபாட்டைக் கேட்டுப் பழக வேண்டிய பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? மின்னேற்றம் கொண்ட இரு ஒலிபெருக்கிகளைக் கம்பி வழியாக இணையுங்கள். தொலைக்காட்சியில் காதணிக் கருவித் துளை இருக்கிறதா, இல்லையென்றால் ஆப்டிகல் துளையாவது இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரலாம். வாயசைவும் சத்தமும் பொருந்தாமல் போனால் உச்சரிப்புப் பயிற்சிக்கு உதவாது.

8. மாட்டுவது, மின்சாரம், உத்தரவாதம்

பலகைத் தடுப்புச் சுவரில் மாட்டாதீர்கள். 65 அங்குலத் தொலைக்காட்சி 20 கிலோ அளவில் இருக்கும். பின்புறத் துளைகளின் இடைவெளிக்குப் பொருந்தும் தாங்கியை வாங்குங்கள். முன்வரிசைப் பிள்ளையின் தலை பின்வரிசைக்கு மறைக்காத உயரம், சன்னலுக்கு நேர் எதிராக இல்லாத சுவர், இரண்டும் முக்கியம். தள்ளுவண்டியில் வைத்தால் பிள்ளைகள் இழுத்துச் சாய்த்துவிடாதபடி சக்கரப் பூட்டு இருக்கட்டும்.

நம் ஊர் இடி மின்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மின்னெழுச்சித் தடுப்பு உள்ள செருகிப் பலகை போடுங்கள். பள்ளி முடிந்ததும் மின்செருகியோடு அலைவாங்கிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் பாருங்கள், நட்சத்திரம் கூடினால் மின்கட்டணம் குறையும்.

உத்தரவாத அட்டையை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், பள்ளியில் கெட்டுப்போன தொலைக்காட்சியை அவர்கள் ஏற்க மறுக்கலாம். "பள்ளிக்கு வாங்குறோம், செல்லுமா?" என்று கேட்டு, பதிலை விலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

கடைசி மேசையின் தூரம். ஆறு சொற்கள் உள்ள விரலி. அதிகம் பயன்படுத்தப் போகும் மடிக்கணினி, அதன் கேபிளோடு. மேசையிலிருந்து சுவர் வரையிலான கேபிள் நீளம். இவை இருந்தால் அரை மணி நேரத்தில் முடிவெடுத்துவிடலாம். தொடுதிரைப் பலகை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: பிள்ளைகள் திரையில் எழுதிப் பழகும் பாடம் உங்களிடம் வாரத்துக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்த விலையைக் கொடுங்கள்.

எங்கள் 55 அங்குலம் இப்போது வாசிப்பு மூலையில் இருக்கிறது. சுற்றிலும் பாய் விரித்து, மூன்று மீட்டருக்குள் பிள்ளைகள் உட்காருகிறார்கள். அந்த இடத்துக்கு அது சரியான அளவு. அந்த மாணவியிடம் மறுநாளே, "உனக்குத் தெரியலைன்னு டீச்சருக்குத் தெரியாமப் போச்சும்மா" என்று சொன்னேன். அவளை முன்வரிசைக்கு மாற்றி, அதே சொற்களை மறுபடியும் எழுதச் சொன்னேன். ஐந்தும் சரி.

உங்கள் வகுப்பில் திரை ஏற்கெனவே இருக்கிறதென்றால், இன்று பள்ளி முடிந்ததும் கடைசி நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.